ரேடியோ சாரின் மதிய நிகழ்ச்சி

ரேடியோ சாரைப் பற்றி எங்கள் ஊரில் யாரிடம் கேட்டாலும் தங்கமான மனிதர் என்றுதான் சொல்வார்கள். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் இந்த உயிரியல் டீச்சர் வயிற்றெரிச்சலில் எழுதுகிறாள் என்று பேச்சு வரும். வயிற்றெரிச்சல் இல்லை, குமட்டல். இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாதவர்கள் என் வகுப்பில் வந்து உட்காரலாம்.

அவர் எங்கள் பள்ளியில் மொழிப்பாடம் நடத்துகிறார். ரேடியோ என்பது பிள்ளைகள் வைத்த பெயர். எந்தக் குரலைத் திருப்பினாலும் அவர் வாயிலிருந்து வரும். அந்தப் பெயரில் அவருக்குப் பெருமைதான். புதிதாக வரும் ஆசிரியர்களிடம் தன் சொந்தப் பெயரைச் சொல்லிவிட்டு, "ஆனா இங்க ரேடியோன்னு கேட்டாத்தான் வழி காட்டுவாங்க" என்று அவரே சேர்த்துச் சொல்வார்.

அவருடைய அப்பா பேருந்து நடத்துநர். விடுமுறை நாட்களில் மகனையும் பேருந்தில் ஏற்றிக்கொண்டு போவாராம். மகன் ஜன்னல் வழியே வேடிக்கை பார்க்காமல் ஆட்களின் பேச்சைக் கேட்டுக்கொண்டு வருவான். சில்லறைக்குச் சண்டை போடுகிறவர், தூங்கிப்போய் இறங்கும் இடத்தைத் தவறவிட்டவர், மூக்கடைப்போடு மருமகளைத் திட்டும் அம்மாள் என்று எல்லோரையும் வீட்டுக்குக் கொண்டுவந்து, சமையலறையில் நின்று அம்மாவுக்குப் பேசிக் காட்டுவான். அம்மா விழுந்து விழுந்து சிரிப்பாள். கல்லூரி முடித்ததும் மேடைதான் வாழ்க்கை என்று சில காலம் அலைந்திருக்கிறார். கடை திறப்பு விழா, கல்யாண வரவேற்பு என்று கூப்பிட்ட இடத்துக்கெல்லாம் போயிருக்கிறார். பெண் கொடுக்க வந்த மாமனார்தான் நிலையான வேலை வேண்டும் என்று பிடிவாதமாக நின்றார். ஆசிரியர் பயிற்சி முடித்து எங்களிடம் வந்து சேர்ந்தார். மேடை போனதே தவிர, பார்வையாளர்கள் இல்லாமல் அவரால் ஒரு நாளும் இருக்க முடியவில்லை.

அவர் மனைவியை ஒரு விருந்தில் சந்தித்தேன். வீட்டில் சிரிப்பும் கும்மாளமுமாக இருக்கும், இல்லையா என்று கேட்டு வைத்தேன். அந்த அம்மாள் தட்டைப் பார்த்தபடியே, வீட்டில் அவர் வாயே திறக்க மாட்டார், கேட்டதற்கு உம் கொட்டுவதோடு சரி என்றார். கல்யாணமான புதிதில் தன் அம்மா மாதிரி, தங்கை மாதிரி எல்லாம் பேசிக் காட்டுவாராம். பிறகு ஒரு நாள் பக்கத்து வீட்டில் வைத்து இந்த அம்மாளைப் போலவே பேசிக் காட்டிச் சிரிக்க வைத்தாராம். அன்றிலிருந்து மனைவி அளந்துதான் பேசுகிறார். பேசிக் காட்டப் பேச்சு கிடைக்காததால் வீடு அமைதியாகிவிட்டது. அப்போது அதைப் புருஷன் பெண்டாட்டி சமாச்சாரம் என்று காதில் வாங்கிக்கொண்டு விட்டுவிட்டேன்.

மதிய இடைவேளையில்தான் அவர் கச்சேரி. எங்கள் ஆசிரியர் அறையில் இரண்டு நீள மேசைகளைச் சேர்த்துப் போட்டு, மேலே பூப்போட்ட பிளாஸ்டிக் விரிப்பு விரித்திருக்கும். ஒரு பக்கம் திருத்தாத விடைத்தாள் கட்டுகள், மறுபக்கம் சாப்பாட்டு டப்பாக்கள். ஆசிரியர்களுக்கான நடத்தை விதிகள் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டியிருக்கிறது. அதே ஆணியில் யாரோ நாள்காட்டியையும் மாட்டியதால் மேல் பாதி தெரியாது. டப்பாக்கள் திறந்ததும் கணக்கு சார் ஆரம்பித்து வைப்பார்: "என்ன ரேடியோ, இன்னைக்கு என்ன நிகழ்ச்சி?" உடனே தொடங்கிவிடும். தலைமையாசிரியையைப் பேசிக் காட்டுவார். அதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. அதிகாரத்தில் இருப்பவர்கள் கொஞ்சம் கிண்டலுக்கு ஆளாகட்டும். ஆனால் அது முதல் சில நிமிடங்களுக்கு மட்டும்தான். அப்புறம் பிள்ளைகளின் முறை வரும்.

மகனைப் பெயில் ஆக்கிவிடாதீர்கள் என்று கெஞ்ச வந்த அம்மா, மூக்கை உறிஞ்சி உறிஞ்சிப் பேசியதை அப்படியே செய்வார். அப்பா குடித்துவிட்டு அடிக்கிறார் என்று ஒருவன் கதவைச் சாத்திக்கொண்டு அவரிடம் அழுத அழுகையை, தேம்பலோடு, விக்கலோடு, செய்து காட்டுவார். சிரித்துச் சிரித்து விளையாட்டு ஆசிரியருக்குப் புரையேறும். வாயில் இருந்த சோறு பூப்போட்ட விரிப்பில் தெறிக்கும். "ஐயோ போதும் சார், வயிறு வலிக்குது" என்று ஒரு டீச்சர் கண்ணைத் துடைத்துக்கொண்டே இன்னொன்று செய்யச் சொல்வார். நான் என் டப்பாவைத் தூக்கிக்கொண்டு ஆய்வகத்துக்குப் போய்விடுவேன். அங்கே அலமாரி நிறைய மருந்து நீரில் ஊறிய தவளையும் பாம்புக்குட்டியும் இருக்கின்றன. இவற்றின் நடுவில் உட்கார்ந்து எப்படிச் சாப்பிட முடிகிறது, அருவருப்பாக இல்லையா என்று கேட்டார்கள். எனக்கு இங்கேதான் சோறு இறங்குகிறது என்றேன். அந்த டீச்சருக்குக் கொஞ்சம் கிறுக்கு என்று பேசிக்கொண்டார்களாம். பேசட்டும்.

இனி தையல்காரர் மகளுக்கு வருகிறேன். பத்தாம் வகுப்பு. அவளுக்குப் பேச்சு திக்கும். படிப்பில் கெட்டிக்காரி. தேர்வுத் தாளில் பக்கம் பக்கமாக எழுதித் தள்ளுவாள். ஆனால் அந்த வகுப்பில் மொழிப்பாடத்துக்கு வாய்மொழித் தேர்வு ஒன்று உண்டு. வேறு பள்ளியிலிருந்து ஒருவர் வந்து ஒரு தலைப்பைக் கொடுத்துப் பேசச் சொல்வார், பாட ஆசிரியர் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார். அதில் தேறாவிட்டால் மற்ற எதில் நூறு வாங்கினாலும் மேல் வகுப்புக்குப் போக முடியாது. இவள் மேலே படிப்பதும் அப்பாவின் கடையில் பட்டன் தைக்க உட்காருவதும் அந்தக் கொஞ்ச நேரப் பேச்சில் தொங்கிக்கொண்டிருந்தது.

அவளே ரேடியோவைத் தேடிப் போனாள். இத்தனை குரலை ஆளுகிறவருக்குத் தன் ஒரு குரலை வழிக்குக் கொண்டுவரத் தெரியாதா என்று நினைத்திருக்கிறாள். அந்த மனிதரும் மறுக்கவில்லை. பள்ளி விட்டதும் காலி வகுப்பில் கதவைத் திறந்து வைத்து, தினமும் அவளோடு உட்கார்ந்தார். உள்ளதைச் சொல்ல வேண்டும். அவர் அவளுக்குச் சொல்லிக்கொடுத்தது நல்ல பாடம். இத்தனை வருஷமாக அவள் திக்கும் சொற்களை விட்டுவிட்டு வேறு சொற்களைத் தேடிப் பேசி வந்தாள். இருமுவது போல் நடிப்பாள், மறந்துவிட்டது என்று கையை விரிப்பாள். அதெல்லாம் வேண்டாம், வருகிறபடி வரட்டும், எவ்வளவு நேரமானாலும் நான் கேட்கிறேன் என்று அவர் சொன்னார். அவள் நம்பினாள். பெற்ற தாயிடம்கூட மறைத்த பேச்சை அவருக்கு முன்னால் அப்படியே விட்டாள். சில வாரங்களில் முன்னேற்றமும் தெரிந்தது. என் வகுப்பில் முதல் முறையாகக் கை தூக்கினாள்.

அந்தப் பேச்சை அவர் ஆசிரியர் அறைக்குக் கொண்டுவந்துவிட்டார். பேருந்தில் கேட்டதை அம்மாவுக்குக் கொண்டுபோன பழக்கம் இன்னும் விடவில்லை.

அறைக்கு வெளியே வராந்தாவில் பிள்ளைகள் தண்ணீர் பிடிக்கும் குழாய் இருக்கிறது. அன்று நான் கை கழுவ ஆய்வகத்திலிருந்து வந்தேன். ஜன்னல் திறந்திருந்தது. உள்ளிருந்து அந்தப் பெண்ணின் குரல் கேட்டது. என் காதுக்கே அவள் குரல்தான். எந்த எழுத்தில் நிற்பாள், எங்கே மூச்சை இழுப்பாள், சொல் வந்துவிட்டதும் எப்படி அவசர அவசரமாக அடுத்ததைச் சொல்வாள் என்று ஒன்று விடவில்லை. தனியே உட்கார்ந்து கவனித்தவரால் மட்டுமே அப்படிச் செய்ய முடியும். உள்ளே சிரிப்பு வெடித்தது. குழாயடியில் அவள் நின்றிருந்தாள். பாட்டில் நிரம்பி வழிந்து சட்டைக் கையெல்லாம் நனைந்துகொண்டிருந்தது. என்னைப் பார்த்தாள். குழாயை மூடினாள், பாட்டிலை மூடினாள், போய்விட்டாள். நான் அப்படியே உள்ளே போனேன். கணக்கு சார் மேசையைத் தட்டித் தட்டிச் சிரித்துக்கொண்டிருந்தார். விளையாட்டு ஆசிரியர் பல்லிடுக்கில் சிக்கியதைக் குத்தி எடுத்தபடி "மறுபடி மறுபடி" என்றார்.

ரேடியோவை வெளியே கூப்பிட்டுச் சொன்னேன். அவர் முகத்தில் ஈயாடவில்லை. பிறகு அவர் சொன்னதுதான் இன்றுவரை எனக்கு ஜீரணமாகவில்லை.

"அவ அங்க நின்னது எனக்குத் தெரியாது மேடம். தெரிஞ்சிருந்தா ஜன்னலைச் சாத்தியிருப்பேன்."

ஜன்னலைச் சாத்தியிருப்பாராம். அவருக்குத் தெரிந்த தவறு அவ்வளவுதான். அந்தப் பெண்மீது எனக்கு எவ்வளவு பாசம் தெரியுமா, பாசம் இல்லாவிட்டால் இவ்வளவு கவனித்திருப்பேனா என்று வேறு கேட்டார். பாசத்தோடு கவனித்ததை எதற்குப் பயன்படுத்தினீர்கள் என்று கேட்டேன். கலை என்றார். என் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. இதை மேலிடத்துக்கு எழுதாமல் விடமாட்டேன் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

அவள் மறுநாள் வரவில்லை, அதற்கு மறுநாளும் வரவில்லை. நான் தையல்கடைக்குப் போனேன். கடைக்குப் பின்னாலேயே வீடு. தையல்காரர் உதட்டில் குண்டூசிகளைக் கவ்வியபடி துணி வெட்டிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் ஊசிகளைத் துப்பிவிட்டு நாற்காலியைத் துடைத்துப் போட்டார். பிள்ளைக்குத் தலைவலி, அதனால்தான் வரவில்லை என்றார். பிறகு மொழி சாரைப் பற்றி ஆரம்பித்தார். சொந்தப் பிள்ளைக்குச் செய்வது போலத் தினமும் தன் மகளுக்காக உட்காருகிறாராம். அந்த மனுஷனுக்கு என்ன கைம்மாறு செய்வது என்று தெரியாமல், தன் கையாலேயே ஒரு சட்டை தைத்து வைத்திருக்கிறாராம். காலர் எப்படி அமைந்திருக்கிறது பாருங்கள் என்று விரித்துக் காட்டினார். எனக்கு எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை. மகள் அப்பாவிடம் ஒன்றுமே சொல்லவில்லை என்பது மட்டும் விளங்கியது.

அவள் என்னோடு தெருமுனை வரை வந்தாள். அங்கே என்னிடம் பேசினாள். எப்படிப் பேசினாள் என்று எழுத மாட்டேன். என்ன பேசினாள் என்பதை மட்டும் எழுதுகிறேன்.

"டீச்சர், நான் அவர்கிட்ட மட்டும்தான் மறைக்காம பேசினேன். அவர்தான் மறைக்காதேன்னு சொன்னார்."

மேலிடத்தில் புகார் கொடுக்கப் போகிறேன், நீ நடந்ததைச் சொன்னால் போதும் என்றேன். அவள் வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். விசாரணை வந்தால் வீட்டுக்கு வரும், அப்பாவுக்குத் தெரியும். தன் மகள் குரலை வைத்து ஊரே சிரித்ததும், அதைச் செய்தவருக்குத் தான் சட்டை தைத்ததும் தெரிந்தால் அந்த மனிதர் நொறுங்கிப்போவார். அப்பாவிடம் சொல்லாதீர்கள், யாரிடமும் சொல்லாதீர்கள் என்றாள். அவளுக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான். வாய்மொழித் தேர்வு அறையில் அவர் இருக்கக் கூடாது. இருந்தால் வர மாட்டாள், படிப்பு போனாலும் பரவாயில்லை.

என் கை கட்டிப்போடப்பட்டது. ஒரு பிள்ளை நம்பிச் சொன்னதை அவர் வாரி இறைத்தார். அதே பிள்ளை நம்பிச் சொன்னதை நான் கட்டிக்காத்தால் அவர் தப்பித்துவிடுவார். கட்டிக்காத்தேன். விதியை மீறியவர் ஜம்மென்று நடமாட, மீறாதவள் வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும் என்று ஒரு ஏற்பாடு. யோசிக்க யோசிக்க எனக்குக் கசந்தது.

தலைமையாசிரியையிடம் போனேன். பிள்ளையின் பெயரைச் சொல்லாமல், ஆசிரியர் அறையில் மாணவர்களைப் பேசிக் காட்டுவது நிற்க வேண்டும் என்றேன். அப்படியே, பத்தாம் வகுப்பு வாய்மொழித் தேர்வில் பாட ஆசிரியருக்குப் பதில் நான் உட்காருகிறேன் என்றும் கேட்டேன். அந்த அம்மாளுக்கு விஷயம் ஏற்கெனவே எட்டியிருந்தது. புகார் என்று எழுத்தில் எதுவும் வராது என்றால் உட்கார்ந்துகொள்ளுங்கள் என்று பேரம் பேசினார். சரி என்றேன். பள்ளியின் பெயரைக் காப்பாற்றிய நிம்மதியில் எனக்குத் தேநீர் வரவழைத்தார். நான் தொடவில்லை.

ஆனால் அவரும் சும்மா இருந்துவிடவில்லை. ஆசிரியர்களுக்குத் தொழில் நெறி பற்றி ஒரு நாள் பயிற்சி ஏற்பாடு செய்தார். கல்வி அலுவலகத்திலிருந்து ஒரு அதிகாரி வந்தார். ஆசிரியர் மாணவர் உறவு புனிதமானது என்றார். மாணவர் நம்பிக்கையோடு ஒப்படைத்த எதையும் வேறு எதற்கும் பயன்படுத்தலாகாது என்று வாசித்தார். கணக்கு சார் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார், அல்லது தூங்கினார். கடைசியில் எல்லோரும் எழுந்து நின்று உறுதிமொழி எடுக்க வேண்டும். நல்ல குரல்வளம் உள்ளவர் ஒருவர் முன்னால் வந்து சொல்லித்தர வேண்டும் என்றார்கள். யார் போயிருப்பார் என்று சொல்லவும் வேண்டுமா? ஒலிபெருக்கியில் அவர் கணீரென்று சொல்ல, நாங்கள் வாங்கிச் சொன்னோம். அதிகாரிக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. அவருடைய வண்டி வாசலைத் தாண்டியதும், பொய்ப்பல் நழுவ நழுவ அந்த அதிகாரி பேசிய பேச்சு, ரேடியோவின் வாயில், ஆசிரியர் அறையில் ஆரம்பமானது.

இதற்கிடையில் நான் எழுதிவிடுவேனோ என்ற பயத்தில் ரேடியோ தையல்கடைக்கும் போய் வந்திருக்கிறார். மன்னிப்புக் கேட்கப் போனாராம். பிள்ளை உள்ளேயிருந்து வரவில்லை. அப்பாவோ, வராத மாணவியைத் தேடி வீடு வரை வந்த உத்தமர் என்று நினைத்துச் சட்டையைக் கொடுத்திருக்கிறார். வேண்டாம் என்று சொல்ல வாய் வரவில்லையா என்று நான் கேட்டேன். "மனசு கஷ்டப்படுமே மேடம்" என்றார். கண்ணில் நீர் நின்றது. உண்மையான கண்ணீரா, அவருடைய சரக்குகளில் ஒன்றா என்று எனக்குக் கண்டுபிடிக்கத் தெரியவில்லை. அவருக்கே தெரியுமா என்பதும் சந்தேகம். இரண்டு நாள் கழித்து அந்தச் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்தார். மதியம் ஜன்னலைச் சாத்திவிட்டு, குண்டூசி கவ்விய வாயோடு ஒருவர் நன்றி சொல்வதைப் பேசிக் காட்டினார். சாத்திய ஜன்னலைத் தாண்டிச் சிரிப்பு வராந்தாவுக்கு வந்தது. நான் குழாயடியில் நின்று கையை மறுபடி மறுபடி கழுவினேன்.

தேர்வு நாளில் நான் உட்கார்ந்தேன். வெளியூரிலிருந்து வந்தவர் வயதானவர், பொறுமைசாலி. தையல்காரர் மகளுக்கு மழை நீரைச் சேமிப்பது பற்றிப் பேசும் தலைப்பு விழுந்தது. அவள் தொடங்கினாள், நின்றாள், மறுபடி தொடங்கினாள். ஒரு சொல் வராமல் நிற்கும்போது அந்தப் பெரியவர் உதவுவதாக நினைத்து அந்தச் சொல்லை எடுத்துக் கொடுக்கப் போனார். அவள் கையைக் காட்டி நிறுத்தினாள். வேறு சொல்லைத் தேடவில்லை, இருமவில்லை. அதே சொல்லைச் சொல்லி முடித்துவிட்டுத்தான் அடுத்ததற்குப் போனாள். மற்றவர்களைவிட வெகு நேரம் ஆனது. பெரியவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார். நல்ல மதிப்பெண் போட்டார். கருணை மதிப்பெண் இல்லை, நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

வெளியே வராந்தாவில் ரேடியோ காத்திருந்தார். முகம் நிறையச் சிரிப்பு.

"எப்படிம்மா பண்ணே? சார்கிட்ட சொல்லு."

அவள் அவரைப் பார்த்தாள். உள்ளே அவ்வளவு பேசிவிட்டு வந்த வாயை இறுக மூடிக்கொண்டாள். ஒதுங்கி நடந்து போனாள்.

அவள் மேல் வகுப்புக்குப் போனாள். அங்கேயும் மொழிப்பாடத்துக்கு அவரேதான் வாய்த்தார். அவர் கேள்வி கேட்டால் எழுந்து நிற்பாள். பதில் தெரியும் என்றால் பலகைக்கு வந்து சுண்ணக்கட்டியால் எழுதுவாள், போய் உட்காருவாள். உள்ளேன் ஐயா சொல்ல வேண்டிய இடத்தில் கையை உயர்த்துவாள். அவர் கொஞ்சினார், அதட்டினார், தனியே கூப்பிட்டு உட்கார வைத்தார். அவர் முன்னால் அவள் தொண்டையிலிருந்து ஒரு சத்தமும் வரவில்லை. என்ன செய்தும் அவளிடமிருந்து அவருக்குச் சரக்கு கிடைக்கவில்லை.

ஆண்டு இறுதியில், சிறப்புக் கவனம் தேவைப்படும் பிள்ளைகளைப் பற்றிப் பேச ஆசிரியர் கூட்டம் நடந்தது. ரேடியோ எழுந்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"அந்தத் தையல்காரர் பொண்ணு, பாவம். இப்போ சுத்தமா பேச்சே நின்னுபோச்சு. நானும் எவ்வளவோ முயற்சி பண்ணிட்டேன்."

டீச்சர்கள் உச்சுக் கொட்டினார்கள். ஒரு மாணவிக்காக இவ்வளவு வருந்துகிற ஆசிரியர் கிடைப்பது அபூர்வம் என்று தலைமையாசிரியை சொன்னார். கைகூடத் தட்டினார்கள். அடுத்த ஆண்டு நல்லாசிரியர் விருதுக்கு அவர் பெயரை அனுப்பலாம் என்று கணக்கு சார் முன்மொழிந்தார்.

அந்தக் கூட்டத்துக்கு நான் தாமதமாகத்தான் வந்திருந்தேன். தையல்காரர் மகள் ஆய்வகத்தில் என்னைப் பிடித்து வைத்துக்கொண்டாள். தவளையின் இதயத்தைப் பற்றி நான் நடத்தியது தவறு என்று அவள் கட்சி. இடைவேளை முழுக்கத் தன் வேகத்தில், ஒரு சொல்லையும் விடாமல் வாதாடினாள். கடைசியில் புத்தகத்தைத் திறந்து பார்த்தோம். அவள் சொன்னதுதான் சரி.

கூட்டத்தில் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். உங்கள் வகுப்பில் அவள் எப்படி என்று தலைமையாசிரியை கேட்டார். யாரிடம் பேசுவது, யாரிடம் பேசாமல் இருப்பது என்பது அந்தப் பெண்ணின் சொந்த விஷயம். சொல்ல ஒன்றும் இல்லை என்று மட்டும் தலைமையாசிரியையிடம் சொன்னேன்.